காரை - சாத்தனூர் தொல்லுயிர் நிலத்தில் குடும்ப நடைப்பயணம்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரை, சாத்தனூர் ஆகிய ஊர்கள் தொல்லுயிர்ப் படிமங்களுக்குப் பெயர் பெற்றவை. காரையிலிருந்து குளக்கால்நத்தம் வரை பரவியுள்ள அரிப்பு நிலத்தையும் சாத்தனூர் கல்மரப் பூங்காவையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. இவை அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் பரவிய சுண்ணாம்புக்கல் பட்டையைச் சேர்ந்தவை. செங்குத்தான ஏற்றம் இல்லாததால் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து நடந்து பார்க்கலாம்.

கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி கோயிலின் கொடுங்கைகள் கருங்கல்லில் செதுக்கப்பட்டவை. மரச்சட்டமும் ஆணியும் போலவே கல்லில் வடித்திருக்கும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்கப் பலர் வருகின்றனர். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை ஆகிய குன்றுகளும் இதே போன்ற கடினப் பாறைகளே. இவை பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. ஆகவே இவற்றில் சிப்பியோ நத்தையோ மரமோ பதிந்திருக்க வாய்ப்பில்லை.

திருச்சியைக் கடந்து வடக்கே சென்றால் கல்லின் தன்மை மாறுகிறது. அங்குள்ள சுண்ணாம்புக்கல், களிக்கல், மணற்கல் அடுக்குகள் கடலடியில் படிந்தவை. கடல் உயிர்களின் ஓடுகளில் உள்ள கால்சியம் கார்பனேட் சேர்ந்து இறுகியதே சுண்ணாம்புக்கல். கல்லக்குடி, அரியலூர்ப் பகுதிகளில் சிமெண்டு ஆலைகள் அமைந்ததற்கும் இதுவே காரணம். புதுக்கோட்டைக் குன்றுகளை ஏறிப் பார்த்த குழந்தைக்கு இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இப்பயணத்தின் முதல் பயன்.

கடல் வந்த காலம்

கோண்டுவானா என்னும் பெருநிலம் பிளந்து இந்திய நிலப்பகுதி பிரிந்தபோது, அதன் கிழக்கு விளிம்பில் காவிரிப் படுகை தாழ்ந்தது. கிரெட்டேசியக் காலத்தில், அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கடல் அதற்குள் புகுந்தது. பின்னர் கடல் பல முறை முன்னேறிப் பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வகைப் படிவுகள் சேர்ந்தன. கல்லக்குடிப் பகுதியில் பவளமும் பாசியும் சேர்ந்த சுண்ணாம்புக்கல் உருவானது. காரையில் களிமண் படிந்தது. காருடமங்கலத்தில் சிப்பிகள் செறிந்த கல் உருவானது. மெருகேற்றினால் பளபளக்கும் இந்தக் கல், ஆங்கிலேயர் காலத்தில் ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்று பெயர் பெற்றது. அரியலூர் அருகே கல்லங்குறிச்சியில் தடித்த சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் உள்ளது.

இப்பகுதியின் படிமங்கள் 1840-களிலேயே லண்டன் அறிஞர்களின் கைக்குச் சென்றன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியின் அடுக்குகளை வகைப்படுத்தி 1862-இல் வெளியிட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்குள்ள உயிரினப் படிமங்களை விரிவாக விவரித்தார். கிரெட்டேசியக் கடல் பற்றிய உலக ஆய்வுகளில் இப்பகுதியின் ஊர்ப் பெயர்கள் இன்றும் பாறை அடுக்குகளின் பெயர்களாக வழங்குகின்றன.

காரை அரிப்பு நிலம்

காரையில் மழைநீர் மென்மையான களியை அரித்து நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளையும் முகடுகளையும் உண்டாக்கியுள்ளது. மஞ்சள், பழுப்பு, சாம்பல் நிறங்களில் தெரியும் இந்த மேடுபள்ளங்களில் செடிகொடி குறைவு. வெயிலில் மினுங்கும் தகடுகள் ஜிப்சம். உருண்டையான கட்டிகளில் சில பாஸ்பேட் முண்டுகள்.

துப்பாக்கித் தோட்டா போல நீண்டு கூர்மையாக இருப்பவை பெலம்னைட் படிமங்கள். இவை கணவாய் மீனின் பழைய உறவினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. ஆட்டுக்கிடாய்க் கொம்பு போலச் சுருண்டிருப்பது அம்மோனைட். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட் படிமமே என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும்.

ஓடைத் தடங்களை ஒட்டி மெதுவாக நடந்து திரும்புவதே இங்கு ஏற்றது. முகடுகளின் விளிம்பு எளிதில் சரியும் என்பதால் அவற்றின் மேல் குழந்தைகளை ஓட விடக்கூடாது.

சாத்தனூர் கல்மரம்

சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரத்தண்டு ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை அறிவித்தார். நிலத்தில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, மரத்தின் வடிவம் மாறாமல் அதைக் கல்லாக்கியது. எனவே பட்டையின் கோடுகளும் கணுக்களும் இன்றும் தெரிகின்றன. வேலியிட்ட பூங்கா என்பதால் சிறு குழந்தைகளுடன் வருவோருக்கு இதுவே எளிதான இடம்.

அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு வந்தால், வெளியில் கிடப்பவற்றை அடையாளம் காண்பது எளிது. பறவை பார்க்க விரும்புவோர் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி சரணாலயத்துக்கும் செல்லலாம். இது 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

குழந்தைகளுக்கான எளிய சோதனை

சாலையோரத்தில் கிடக்கும் சாதாரணச் சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்றின் மேல் சில துளி வினிகர் விட்டால் சிறு குமிழ்கள் எழும். அது கரியமில வாயு. கருங்கல் ஜல்லியில் குமிழ் வராது. ஓடுகளால் ஆன கல் எது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ள இது போதும். படிமங்களின் மேலோ, கல்மரத்தின் மேலோ எதையும் ஊற்றக்கூடாது.

பயண ஆயத்தம்

ஆவுடையார்கோவிலிலிருந்து செல்வோர் அறந்தாங்கி, புதுக்கோட்டை, திருச்சி வழியாகப் பாடாலூரை அடைந்து அங்கிருந்து காரைக்குத் திரும்பலாம். ஒருவழித் தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் என்பதால் விடியற்காலையில் புறப்படுவது நல்லது.

- டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் நிழலே இல்லாத இந்நிலத்தில் நடப்பது ஆபத்து.
- மழை பெய்த மறுநாள் களி வழுக்கும். நிலம் காய்ந்த பிறகே செல்ல வேண்டும்.
- குடிநீர், தொப்பி, மூடிய காலணி தேவை. சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைக்கும்.
- பொந்துகளிலும் புதர்களிலும் கை விடக்கூடாது.
- கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் தேங்கிய நீர் ஆழமானது. அதன் அருகே செல்லக்கூடாது.

எடுத்துச் செல்லாமல் திரும்புதல்

ஒரு படிமத்தின் மதிப்பில் பெரும்பகுதி அது கிடக்கும் அடுக்கில் உள்ளது. எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தையும் அன்றைய கடலின் ஆழத்தையும் ஆய்வாளர் கணிக்கின்றனர். சட்டைப்பையில் வீட்டுக்கு வந்த அம்மோனைட் அழகான கல்லாக மட்டுமே எஞ்சும். இழப்பு என்றால் என்ன என்பதற்கு அரியலூரிலேயே சான்று உண்டு. கல்லமேடு அடுக்கில் கிடைத்த பெரும் எலும்புகளைக் கொண்டு 1980-களில் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் புருகத்காயோசாரஸ் என்னும் டைனோசரை விவரித்தனர். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டன. படங்களும் குறிப்புகளுமே எஞ்சியுள்ளன.

வதந்தியும் படிமங்களுக்குக் கேடு செய்யும். 2020-இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருவான கட்டிகள் என்று அறிஞர்கள் விளக்கினர். இத்தகைய செய்திகளை நம்பித் தோண்டுவோரால் அடுக்குகள் கலைகின்றன.

சுண்ணாம்புக்கல் வெட்டுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. வீடு கட்டுவோர் அனைவருக்கும் சிமெண்டு வேண்டும். ஆகவே எல்லா நிலத்தையும் காப்பது இயலாது. அதனாலேயே நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட சிறு பகுதிகள் சிதையாமல் இருப்பது முக்கியமாகிறது. பார்த்ததைப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு குறித்து, கல்லை அதே இடத்தில் விட்டு வரக் குழந்தைக்குப் பழக்க வேண்டும். அடுத்து வரும் குழந்தைக்கும் அது அங்கே இருக்கும்.