ஹெரால்டின் தம்பிக்கு ஆக்ஸில் வேண்டுமா? எண்ணிப் பார்த்து வாங்குங்க!

‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். 1960-களில் மெட்ராஸில் தயாராகி, நம் சாலைகளில் ஓடிய கார் அது. அந்த ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு. பெயர், ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. அண்ணன், தம்பி இருவரையும் வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி.

இன்று ஸ்பிட்ஃபயரைப் பழுது பார்த்து ஓட்ட நினைப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, பின்பக்க ஆக்ஸில். பழைய கார்தானே, ஏதோ ஒன்றை வாங்கி மாட்டலாம் என்று இருந்துவிட முடியாது.

ஏன் இவ்வளவு கவனம்?

இதன் பின்சக்கரங்களை ஒரே நீளக் குழாய் தாங்கவில்லை. நடுவில் டிஃபரன்ஷியல் பெட்டி, அதன் மேல் குறுக்காக ஒரு லீஃப் பட்டை. இரண்டு பக்கமும் தனித்தனி ஆக்ஸில் ஷாஃப்ட். சக்கரத்தைச் சுழற்றுவதும் அந்த ஷாஃப்ட்தான், பக்கவாட்டில் விலகாமல் பிடித்திருப்பதும் அதுதான். ஹப் பக்கம் ஷாஃப்ட் முறிந்தால், சக்கரமே கழன்று ஓடிவிடும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹப்பில் இருக்கும் ஊசி பேரிங், ஷாஃப்ட்டின் மேலேயே நேரடியாக உருள்கிறது. பேரிங் கெட்டால் ஷாஃப்ட்டிலும் பள்ளம் விழும். பேரிங்கை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போய்விடும். அதனால் பழைய ஷாஃப்ட் வாங்கும்போது, பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் வேண்டாம்.

உங்கள் கார் எது?

முதலில் காரின் கமிஷன் எண்ணைப் பாருங்கள். எஃப்.சி என்று தொடங்கினால் மார்க் 1 அல்லது 2. எஃப்.டி என்றால் மார்க் 3. எஃப்.ஹெச் என்றால் மார்க் 4 அல்லது 1500. ஆனால், இதை மட்டும் நம்பக் கூடாது. ஐம்பது ஆண்டுகளில் யார் எதை மாற்றி மாட்டினார்களோ! 1973 வாக்கில் பின்சக்கரங்களின் இடைவெளி இரண்டு அங்குலம் கூடியது. அதனால் ஒவ்வொரு ஷாஃப்ட்டும் ஓர் அங்குலம் நீளமானது. டேப் வைத்து அளந்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள்.

சுற்றை எண்ணுங்கள்

டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் மாடலுக்கு மாடல் மாறும். மார்க் 1 முதல் 3 வரை 4.11. மார்க் 4-க்கு 3.89. 1500-க்கு 3.63. பெட்டியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். தூக்கிய சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள். உடனிருப்பவர் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றுகளை எண்ணட்டும். 41 வந்தால் 4.11, 39-க்குச் சற்றுக் குறைந்தால் 3.89, 36-ஐத் தாண்டினால் 3.63. மறு சக்கரம் தரையில் நிற்பதால், இந்தச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். அதுதான் கணக்கு.

எங்கே கிடைக்கும்?

அண்ணனிடம் கேட்கலாம். இங்கிலாந்தின் ஹெரால்டு 1200 மாடலிலும் விகிதம் 4.11-தான். ஆனால், அங்கே முதலில் வந்த 948 சிசி ஹெரால்டில் அது 4.875. அதை ஸ்பிட்ஃபயரில் மாட்டினால் சாதாரண வேகத்துக்கே இன்ஜின் அலறும். மெட்ராஸில் ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெஸல் கார் உதவவே உதவாது. அதில் பின் ஆக்ஸில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

ஷாஃப்ட், கிரவுன் பினியன் போன்றவற்றுக்கு இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற அமைப்புகளில் விசாரிக்கலாம். வாங்குமுன் கப்பல் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேரிங், கிராஸ் போன்றவற்றை வெளிநாட்டில் தேடுமுன் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அங்கே போய் ‘ஸ்பிட்ஃபயருக்கு வேணும்’ என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். பேரிங்கில் பொறித்த எண்ணைச் சொல்லுங்கள். கிராஸ் என்றால் பழையதையே கையோடு கொண்டுபோய் அளவு காட்டுங்கள்.

பழையதைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியது சரியாகப் பொருந்தி, கார் நூறு கிலோமீட்டராவது ஓடும்வரை அது ஷெட்டிலேயே இருக்கட்டும். அளவு பார்க்க அதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.