எது நரம்பு?

"நர்ஸ் அம்மாளுக்கு என் கையில் நரம்பே அகப்படவில்லை" என்கிறாள், ஊசி போட்டுக்கொண்டு வந்த பாட்டி. "ஓடும்போது குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டுவிட்டது" என்று நொண்டுகிறான் பேரன். "எனக்கு எல்லாம் நரம்புத் தளர்ச்சிதான்" என்று சாய்வு நாற்காலியிலிருந்து பெருமூச்சு விடுகிறார் வீட்டு எஜமானர்.

பாட்டி சொன்னது சிரை. அதாவது இரத்தத்தை இருதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய். பேரன் சொன்னது தசைநாண். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு. எஜமானரின் தளர்ச்சியோ, பல சமயங்களில், தூக்கக் குறைவும் மனக்கவலையுந்தான். ஆக, மூவரில் ஒருவராவது அசல் நரம்பைத் தொடவில்லை! அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. யாழின் தந்தியைக்கூட நரம்பு என்றே வழங்கியது நம் பழந்தமிழ்.

அசல் நரம்பைத் தொட்டுப் பார்க்க விரும்பும் நேயர்கள் முழங்கையை மடக்கி, அதன் உட்புறத்து எலும்பு முனைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக உருட்டிப் பார்க்கலாம். கயிறு போன்ற ஒன்று தட்டுப்படும். கதவில் முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையில் 'சுரீர்' என்று ஓடுகிறதே, அது இந்த நரம்பின் வேலைதான். நரம்பு இரத்தக் குழாய் அன்று. அதில் ஓடுவது செய்தி.

நம் தேசத்தில் தந்திச் சேவை 2013-ம் வருஷம் நிறுத்தப்பட்டுவிட்டது. சரீரத்தின் தந்தி இலாகாவுக்கோ ஒரு விநாடி விடுமுறையும் கிடையாது. அதன் தலைமைக் காரியாலயம் மூளை. எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். அதிலுள்ள நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. நினைப்பதும் பேசுவதும் கைகால்களை இஷ்டப்படி அசைப்பதும் பெருமூளையின் பொறுப்பு. தள்ளாடாமல் நடக்கச் செய்வது சிறுமூளை. மூச்சையும் இருதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்வது அடியிலுள்ள முகுளம். அதன் கீழே, முதுகெலும்பின் உள்ளே, சுண்டுவிரல் பருமனில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்குகிறது தண்டுவடம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன.

எல்லாச் செய்தியும் ஒரே வேகத்தில் போவதில்லை. சில இழைகளில் விநாடிக்கு 100 மீட்டர். வேறு சிலவற்றில் ஒரு மீட்டர்தான். கால் விரல் கல்லில் இடித்தது முதலில் தெரிந்து, "அம்மா!" என்று அலற வைக்கும் அந்த ஆழ்ந்த வலி சற்றுப் பின்தங்கி வருவதன் இரகசியம் இதுவே.

மேலே கண்ட பெயர்களைப் பாருங்கள். முகுளம் என்றால் மொட்டு. தண்டுவடம் என்றால் தண்டினுள் ஓடும் வடம். பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. "இந்தச் சாஸ்திரமெல்லாம் தமிழில் வருமா?" என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைத்துக்கொள்ள வேண்டும். 1847-ம் வருஷம் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மாணாக்கர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய உடற்கூற்று நூல் 1872-ல் தமிழில் வெளிவந்தது அவருடைய முயற்சியினால்தான்.

பெயர் தெரிந்து என்ன பயன் என்கிறீர்களா? சில சமயம் உயிரே பயன்.

மூளையிலிருந்து இறங்கும் கட்டளை இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் இடம் வலமாக மாறிச் செல்கின்றன. ஆகையால் மூளையின் இடப்பாதியில் இரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, விழுவது வலக்கையும் வலக்காலும். இதுதான் பக்கவாதம். கையோ காலோ ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் நாம் "கை நரம்பு செத்துவிட்டது" என்று தைலம் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறோம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் சாதாரணமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதுவும் தலையைப் படமெடுத்து, இரத்தக் கசிவு இல்லையென்று நிச்சயித்த பிறகே கொடுக்க முடியும். தைலத்தில் கழிந்த நேரம் திரும்பி வராது.

வாய் ஒரு பக்கம் கோணினாலும், தூக்கிய கை தானே தாழ்ந்தாலும், பேச்சுத் திடீரென்று குழறினாலும், கோளாறு கையிலோ வாயிலோ அன்று, தலையில் என்று அறிந்துகொள்ளுங்கள். தலையைப் படமெடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிஷமே புறப்படுங்கள். எந்த மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதற்கேள்விகளில் அதுவும் ஒன்று.

பாட்டி சிரையை நரம்பு என்று சொல்லிக்கொண்டு போகட்டும், அதனால் மோசமில்லை. ஆனால் பாட்டியின் வாய் கோணும் அன்று, வீட்டில் ஒருவருக்காவது எது நரம்பு, எது மூளை என்று தெரிந்திருக்க வேண்டும்.