ஸ்பீடோமீட்டர் முள் விழுந்தால் கியர் பாக்ஸை இறக்கணுமா? பழைய வேன், கேரவன் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். போன கார்த்திகையில் அந்தத் தூரத்தைக் கடக்க எங்க சித்தப்பாவோட வேனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஒரு காலத்தில் டூரிஸ்ட் வேனாக ஓடிய டீசல் வண்டி அது. பின் சீட்டுகள் இருந்த இடத்தில் படுக்கை, தண்ணீர் டேங்க், இரண்டாவது பேட்டரி, ஃபேன் எல்லாம் முந்தைய ஓனரே கட்டிவைத்திருந்தார். வெளிநாட்டில் இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். நம்ம ஊரில் கேரவன். எங்க வீட்டில் ‘படுக்கை வண்டி’.

அன்று ராஜபாளையத்தைத் தாண்டியதுமே ஸ்பீடோமீட்டர் முள் ஜீரோவில் படுத்துவிட்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கியர் மாற்றினால் வண்டி உதறியது. வேகத்தைக் குறைத்து கிளட்சை மிதித்தால் இன்ஜினே ஆஃப் ஆனது. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவர், “பாக்ஸ் போயிருச்சு அண்ணாச்சி. இறக்கிப் பார்த்துரலாம், நாலு நாளாகும்” என்றார். இரண்டு நாளில் சபரிமலை கிளம்ப வேண்டும். பாட்டி உட்பட வீட்டில் ஒன்பது பேர் மாலை போட்டு, பை கட்டி ரெடியாக இருந்தார்கள்.

கடைசியில் கோளாறு கியர் பாக்ஸில் இல்லை. எங்கே இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன், ஏன் அப்படித் தெரிந்தது என்று பார்த்துவிடலாம்.

ஸ்பீடு சென்சார் என்ன வேலை செய்கிறது?

ரொம்பப் பழைய வண்டிகளில் கியர் பாக்ஸில் இருந்து ஒரு கேபிள் சுழன்றபடி டேஷ்போர்டு வரை வரும். அந்தச் சுழற்சியில்தான் முள் நகரும். பிறகு வந்த வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாக கியர் பாக்ஸின் வெளியேறு பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் இருக்கும். உள்ளே பல் சக்கரம் சுற்றச் சுற்ற, சென்சார் மின் துடிப்புகளை அனுப்பும். துடிப்பு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை வைத்து வண்டியின் வேகம் கணக்கிடப்படுகிறது.

அந்தக் கணக்கு ஸ்பீடோமீட்டருக்கு மட்டும் போவதில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வும் அதைப் படிக்கிறது. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்தால்தான் ஐடிலிங்கில் எவ்வளவு டீசல் விட வேண்டும் என்பதை அது சரியாக முடிவு செய்யும். சிக்னல் அறுந்தால் சில வண்டிகளில் உதறல் வரும். நிற்கப் போகும் நேரத்தில் இன்ஜின் ஆஃப் ஆகும். ஓட்டுபவருக்கு அது கியர் பாக்ஸ் தகராறு மாதிரியே தோன்றும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் சிக்கல் இன்னும் பெரிது. எந்த வேகத்தில் எந்த கியர் என்று முடிவு செய்வதே சென்சார் சொல்லும் கணக்கை வைத்துத்தான். அது குழம்பினால் பாதுகாப்புக்காக வண்டி ஒரே கியரில் நின்றுவிடும். இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள், நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரட்டும் என்ற ஏற்பாடு. அமெரிக்காவில் ஃபோர்டு இ-சீரிஸ் வேன் மேல் கட்டிய 1990-களின் மோட்டார்ஹோம்களில் ஓவர்டிரைவ் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், கியர் கட்டுப்பாட்டில் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அங்கும் பலர் அந்த விளக்கைப் பார்த்ததுமே கியர் பாக்ஸ் முடிந்தது என்று பயந்துவிடுவார்கள்.

எது சென்சார், எது கியர் பாக்ஸ்?

ஓட்டும்போதே பாதி விடை கிடைத்துவிடும்.

* முள்ளும் கிலோமீட்டர் ரீடிங்கும் சேர்ந்து நின்றால், சந்தேகம் சென்சார் அல்லது அதன் ஒயரிங் மேல்.
* ரீடிங் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் மீட்டரில் கோளாறு.
* பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முள் துள்ளினால், எங்கோ லூஸ் கனெக்‌ஷன்.
* இன்ஜின் ஆஃபில் கியர் சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் விழ மறுக்கிறது என்றால், கிளட்ச் முழுசாக விடவில்லை.
* ஆக்ஸிலேட்டர் மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.
* நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸ் முன்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்.
* போட்ட கியர் தானாகக் கழன்றாலோ, கியர் ஆயிலில் இரும்புத் துகள் கண்ணுக்குத் தெரிந்தாலோ, தயங்காமல் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

கடைசி வகை அறிகுறி ஒன்றுகூட இல்லாமல் “இறக்கணும்” என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள்.

ஸ்கேனரில் வரும் எண்ணை அப்படியே நம்பலாமா?

நாடு முழுக்க பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல் 1-ல். இந்தத் தலைமுறை வண்டிகளில் ஸ்கேனர் செருகி கோளாறு எண்ணைப் படிக்கலாம். அதற்கு முந்தைய வண்டிகள் சிலவற்றிலும் முடியும். பி0500 என்றால் வண்டி வேக சென்சார் சுற்று. பி0715 ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் உள்வரும் வேக சென்சார் சுற்று. பி0720 வெளியேறும் வேக சென்சார் சுற்று.

இதில் ‘சுற்று’ என்ற வார்த்தைதான் முக்கியம். சென்சார், ஒயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. எண்ணைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கி மாட்டிவிட்டு, “அப்பவும் சரியாகலையே, அப்ப பாக்ஸ்தான்” என்று முடிவு கட்டுவது பரவலாக நடக்கும் தவறு. ஒயர் அறுந்திருந்தால் பத்து சென்சார் மாற்றினாலும் அதே எண்தான் வரும்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் ஃபியூஸ். அடுத்து கண்ணால் பார்ப்பது: சென்சாரின் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரைக் கழற்றினால் அதன் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும். பல் சக்கரம் செருகிய வகை என்றால் அந்த பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். மூன்று ஒயர் சென்சார் என்றால் ஒன்றில் சப்ளை, ஒன்றில் எர்த், மூன்றாவதில் சிக்னல். சாவியை ஆன் செய்து, கனெக்டரைக் கழற்றாமல், பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். சப்ளையும் எர்த்தும் இருந்தும் வோல்ட் அசையாவிட்டால்தான் சென்சார் மேல் பழி போடலாம். இரண்டு ஒயர் வகையில் சென்சாரின் ஓம்ஸை அளக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பின் சக்கர டிரைவ் வண்டியில், கியர் நியூட்ரலில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்தபின் வேலை பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பழைய கேரவனில் ஏன் இது அதிகம்?

இரண்டு காரணம். ஒன்று, வண்டி மாதக்கணக்கில் நிற்கும். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இன்னொன்று, ஃபேன், லைட், இரண்டாவது பேட்டரி என்று பிறகு இழுத்த ஒயர்கள். கம்பெனி ஒயரைச் சீவி, டேப் சுற்றி எடுத்த ஒவ்வொரு இணைப்பும் நாளைய கோளாறு.

டூரிஸ்ட் வேனாக இருந்த வண்டிகளில் ஸ்பீடு கவர்னரும் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 118-ன்படி, இந்த விதிக்குள் வரும் போக்குவரத்து வாகனங்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், பள்ளி பஸ், டேங்கர் போன்றவற்றுக்கு 60. பழைய வண்டிகளில் வெளியே வாங்கிப் பொருத்திய கவர்னர், வேகத்தை அறிய இதே சென்சார் ஒயரில் இருந்துதான் சிக்னல் எடுக்கும். அந்த இணைப்பு தளர்ந்தால் முள், இ.சி.யூ., கவர்னர் மூன்றுமே குழம்பும். 80-க்கு மேல் போக வேண்டும், ரீடிங் ஏறக் கூடாது என்று சிலர் வேண்டுமென்றே இந்த ஒயரை வெட்டிவிடுகிறார்கள். அது விதிமீறல். பழைய வண்டி வாங்குபவர்கள், ரீடிங் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் இந்த ஒயரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, எங்க வேனுக்கு என்ன ஆச்சு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினோம். கியரைத் தொடவே இல்லை. “முள்ளு விழுந்தது முதல்லயா, உதறல் முதல்லயா?” என்று மட்டும் கேட்டார். முள்தான் முதலில் என்றோம். டார்ச்சோடு குனிந்தவர், கவர்னருக்காகப் போட்டிருந்த பழைய இணைப்பைக் காட்டினார். டேப் பிரிந்து, ஒயர் பச்சை பூத்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டார். முக்கால் மணி நேர வேலை, சில நூறு ரூபாய். பாக்ஸை இறக்கியிருந்தால் பல ஆயிரம் போயிருக்கும், ஒயர் அப்படியேதான் தொங்கியிருக்கும்.

அன்று வேலை முடிந்ததும் சித்தப்பா ராஜபாளையம் வரை ஓட்டினார். பக்கத்தில் நான் மொபைலில் ஜி.பி.எஸ். வேகத்தையும் முள்ளையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். சின்ன வித்தியாசம் இருந்தது, அது எல்லா மீட்டரிலும் இருப்பதுதான். இரண்டு நாள் கழித்து தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையிலும் வண்டி உதறவில்லை. வளைவும் இறக்கமுமான அந்த ரோட்டில் இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் பவர் உதவி குறைந்து, ஒன்பது பேரோடு சிக்கியிருப்போம். அதனால் முள் விழுந்தால், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மலையேற வேண்டாம்.

பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஸ்கேனரில் என்ன எண் வந்தது? எழுதித் தர முடியுமா?
2. சென்சாருக்கு சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் அளந்தீர்களா?
3. கவர்னர் இணைப்பையும் பிறகு போட்ட ஒயரிங்கையும் பார்த்தீர்களா?
4. கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தீர்களா? துகள் இருந்ததா?

நாலுக்கும் பதில் வந்து, அப்புறமும் பாக்ஸ்தான் என்றால் தாராளமாக இறக்கலாம். பதில் வராவிட்டால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.