மேலிருந்து கீழே ஓடும் இசை

கைப்பேசியில் இசையமைக்கும் செயலி என்றால் பியானோ கட்டைகளைத்தான் எதிர்பார்ப்போம். சன்வாக்ஸ் என்ற இசைச் செயலியைத் திறந்தாலோ, எழுத்தும் எண்ணுமாக நிரம்பிய கட்டங்கள்! கணக்குப் பேரேடுதான் நினைவுக்கு வரும்.

இந்த வகைக்கு டிராக்கர் என்று பெயர். 1987இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்தான் இதற்குப் பாதை போட்டது. அமிகாவின் ஒலிச் சில்லில் நான்கே தடங்கள். அதனால் திரையிலும் நான்கு பத்திகள். ஒவ்வொரு வரியும் காலத்தின் ஒரு சிறு துண்டு. கணினி வரிவரியாகக் கீழே இறங்கும். சுரம் எழுதிய வரி வந்ததும் அது ஒலிக்கும்.

ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஸோலோடோவ் உருவாக்கிய சன்வாக்ஸ், இந்தக் கட்டங்களோடு, பெட்டிகளை இணைத்து ஒலி உருவாக்கும் மாடுலர் சிந்தசைசரையும் சேர்த்துக்கொண்டது. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, சிதைக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று. விரலாலேயே கோடிழுத்து இணைக்க வேண்டியதுதான். சிதைத்த பின் எதிரொலித்தால் ஒரு குணம். வரிசையை மாற்றினால் வேறு குணம். இதில் என்னைக் கவர்ந்தது மெட்டாமாடியூல். ஒரு முழுப் பாட்டையே ஒரு பெட்டிக்குள் அடைத்து, இன்னொரு பாட்டில் வாத்தியமாக வாசிக்கலாம். குறும்புக்கார யோசனை!

பழகச் சற்றுப் பொறுமை வேண்டும். எண்கள் 9-ஓடு நிற்காமல் ஏ, பி, சி என்று எஃப் வரை போகும். சிறிய திரையில் கண்ணும் வலிக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன்களில் காசு கொடுத்து வாங்க வேண்டும். கணினியில் இலவசம் என்பதால், முதலில் அங்கே பழகிப் பார்க்கலாம்.