ரிப்போர்ட் 'நார்மல்', வலி மட்டும் குறையவில்லை

ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோகும் சீட்டில் பெரும்பாலும் 'வயிறு ஸ்கேன்' என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. வலி எங்கே, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, முன்பு அறுவைசிகிச்சை நடந்ததா என்று எதுவும் தெரியாமல் ரேடியாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? தவறு பல நேரம் அந்தச் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவர் எழுதாவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். அல்ட்ராசவுண்டின் ஒலி அலைகளைக் குடலில் உள்ள வாயு மறைக்கும். உடல் பருமனாக இருந்தாலும், குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் கிடந்தாலும் அது கண்ணில் படாமல் போகலாம். 'குடல்வால் தென்படவில்லை' என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மருத்துவர் மறுபடி கைவைத்துப் பார்க்க வேண்டும். சிடி ஸ்கேன் தேவைப்படலாம். கர்ப்பிணிக்குக் கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ உண்டு.

பெண்களின் அடிவயிற்று வலியில் ஆபத்து இன்னும் கூடுதல். சினைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே அது கெட்டுப்போகலாம். சினைப்பைக்கு இரண்டு வழிகளில் ரத்தம் போகிறது; அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கக்கூடும். கருக்குழாயில் கரு தங்குவதோ உயிரையே பறிக்கக்கூடியது. மாதவிலக்கு தள்ளிப்போனதைச் சொல்லியாக வேண்டும். உறவினர்கள் சூழ நிற்கும்போது இளம்பெண்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களைத் தனியாகக் கேட்பது மருத்துவரின் கடமை.

இன்னொரு பொறி, ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது. பித்தப்பையில் கல் தெரிந்துவிட்டால் கணையத்தை யாரும் கவனிக்காமல் போகலாம். 'வாயுவால் கணையம் சரியாகத் தெரியவில்லை' என்ற வரி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு கட்டி வளர்ந்திருக்கிறதா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

சிடி, எம்ஆர்ஐ படங்களை வேறொரு ரேடியாலஜிஸ்ட் அப்படியே மறுபடி படித்துவிடலாம். அதனால் பேப்பரோடு நிற்காமல் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அல்ட்ராசவுண்ட் அப்படியல்ல. சில படங்களே பதிவாகும் என்பதால் மறுகருத்துக்கு ஸ்கேனையே திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதி.

நோயைத் தவறவிட்டதெல்லாம் சட்டத்தின் கண்ணில் அலட்சியம் ஆகாது. அதே நிலையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அதைக் கண்டுபிடித்திருப்பாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். கட்டணம் பெற்றுத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை என்றால் இந்த வழி இல்லை. மாநில மருத்துவக் கவுன்சிலையோ சிவில் நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.