மிஸ்ட் மேல பழி போடாதீங்க... வைஃபை ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுவது ஏன்?

பல்லவி முடிந்து சரணம் தொடங்கும். சட்டென்று பாட்டு நிற்கும். மூன்று விநாடி மௌனம். மறுபடியும் பாதி வார்த்தையிலிருந்து பாடத் தொடங்கும். வீட்டில் வயர் இல்லாத ஸ்பீக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த எரிச்சல் தெரியும்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது பைக்காரா. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும் ஊர். இந்த மாதிரி ஊரில் ஸ்பீக்கர் மக்கர் செய்தால் கை தானாக ஜன்னல் பக்கம்தான் நீளும். ''மிஸ்ட் இறங்கிடுச்சுல்ல, அதான்!''

பாவம் மிஸ்ட், அது நிரபராதி.

வைஃபையும் ப்ளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்தத் துளியை இந்த அலை கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 'அப்படின்னா மழை வந்தா டிடிஹெச் மட்டும் ஏன் போகுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிடிஹெச் சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து, 10 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலான அலைவரிசையில் வருகிறது. அந்த அலையைக் கனமழை நன்றாகவே குடித்துவிடும். ஹாலில் இருந்து சமையலறைக்குப் போகும் வைஃபைக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியானால் குற்றவாளி யார்? பெரும்பாலும் சுவர்.

நீலகிரியின் பழைய பங்களாக்களும் எஸ்டேட் வீடுகளும் குளிருக்குப் பயந்து கட்டப்பட்டவை. தடிமனான கல் சுவர், நடுவில் கணப்பு அடுப்பு, மேலே தகரக் கூரை. குளிரைத் தடுக்கும் அதே சுவர் ரேடியோ அலையையும் தடுக்கும். ஈரம் ஊறிய சுவர் இன்னும் மோசம். உலோகமோ அலையை உள்ளே விடாமல் திருப்பி அடிக்கும். இதில் ரூட்டரை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையில், டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில். ஸ்பீக்கர் இருப்பது இரண்டு சுவர் தாண்டி. புது ஸ்பீக்கர் வாங்கினாலும் சுவர் அதே சுவர்தானே? சில ஆயிரம் ரூபாய் போன பிறகும் பாட்டு அதே இடத்தில்தான் அறுபடும்.

அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் எது அறுபடுகிறது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இன்டர்நெட்டா, வீட்டு வைஃபையா, ப்ளூடூத்தா?

போனில் ஏற்கெனவே டவுன்லோடு செய்து வைத்திருக்கும் பாட்டை ஸ்பீக்கரில் போடுங்கள். அது தடங்கல் இல்லாமல் ஓடி, ஆன்லைன் பாட்டு மட்டும் நின்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில். எங்கோ மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம். டவுன்லோடு செய்த பாட்டும் நிற்கிறதா? கோளாறு வீட்டுக்குள்தான். ப்ளூடூத் என்றால் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், வைஃபை என்றால் ஸ்பீக்கரை ரூட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அங்கே ஒழுங்காகப் பாடினால் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். தூரமும் சுவரும்தான் பிரச்னை. பக்கத்தில் வைத்தும் நின்றால் மட்டும் சர்வீஸ் சென்டரை யோசிக்கலாம். அதற்கு முன்னால் சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சுவர்தான் பிரச்னை என்று தெரிந்துவிட்டால் செலவில்லாத வைத்தியம் ரூட்டரை இடம் மாற்றுவது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், கதவு வழி இருக்கும் பக்கமாக வையுங்கள். தூர்தர்ஷன் காலத்தில் ஒருவர் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே ''தெரியுதா?'' என்று கத்த, இன்னொருவர் டிவி முன்னால் நின்று ''இல்ல, இன்னும் கொஞ்சம்!'' என்று கத்தியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலை அதேதான், கூரை ஏற வேண்டாம் என்பதுதான் வித்தியாசம். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவர் தாண்டும் பலமும் குறைவு. எனவே ஒரே அறை என்றால் 5, சுவர் தாண்ட வேண்டும் என்றால் 2.4. கல் சுவர் இரண்டு மூன்று குறுக்கே இருந்தால் நேராக ஒரு லேன் கேபிளை இழுத்து, அந்தப் பக்கம் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஒரே கேபிள் 100 மீட்டர் வரை போகும்.

அடுத்த சந்தேக நபர் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய பொது ரோடு. வைஃபை, ப்ளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அவனும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் உணவைச் சூடாக்குகிறது. அவன் ஓடும்போது மட்டும் பாட்டு அறுபடுகிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரிசையாக ஹோம்ஸ்டேக்கள் இருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் மோதும். ரூட்டர் செட்டிங்ஸில் 2.4-க்கு 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அவை.

ப்ளூடூத்துக்கு இந்த நெரிசலைச் சமாளிக்க ஒரு தந்திரம் தெரியும். ஒரே இடத்தில் நிற்காமல் விநாடிக்கு 1,600 தடவை அலைவரிசை மாறித் தாவிக்கொண்டே இருக்கும். இதே போன்ற யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை வாங்கியவர் ஒரு சினிமா நடிகை! ஹாலிவுட்டின் ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலுடன் சேர்ந்து, எதிரிகள் குழப்ப முடியாத டார்பிடோவுக்காக உருவாக்கிய திட்டம் அது. பியானோவின் கட்டைகளைப் போலவே அதிலும் 88 அலைவரிசைகள். ப்ளூடூத்தையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது மிகை.

எவ்வளவு தாவினாலும் மனித உடம்பு குறுக்கே வந்தால் ப்ளூடூத் திணறும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். போனைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாலே சில வீடுகளில் கதை முடிந்துவிடும். போனின் பேட்டரி சேவர், திரை அணைந்ததும் மியூசிக் ஆப்பைத் தூங்க வைக்கிறதா என்றும் பாருங்கள். எல்டிஏசி வசதி உள்ள போனில் உச்சத் தரம் விநாடிக்கு 990 கிலோபிட் கேட்கும். அதை 330-க்குக் குறைத்தால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பாட்டு அறுபடுவது குறையும்.

தகரக் கூரை வீடுகளில் இன்னொரு தொல்லை எதிரொலி. ஒரே சிக்னல் நேராக ஒரு தடவை, கூரையில் பட்டு ஒரு தடவை என்று முன்னும் பின்னுமாக வந்து குழம்பும். இதைச் சமாளிக்க வைஃபைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் குழுவினர். அவர் விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ சிக்னல்களைத் தேடியவர். அதே நிறுவனத்தில் 1953-ல் பயிற்சிக்குச் சென்றவர்தான் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டி அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கி, 1970-ல் இயங்க வைத்தவர். அந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். வானியலுக்கென்று ஒதுக்கப்பட்ட அமைதியான இடம் அது. நம் வீட்டு ஸ்பீக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மழைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், ஒன்று உண்டு. கரன்ட். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே இயங்கத் தொடங்கி, கோவை மில்களை ஓட்டிய பெருமை கொண்டது. ஆனாலும் மலையில் காற்றடித்து மரம் சாய்ந்தால் லைன் போகத்தான் செய்யும். கரன்ட் திரும்பி வரும்போது ஸ்பீக்கர் உடனே விழித்துக்கொள்ளும். ரூட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வைஃபையைத் தேடிக் காணாமல் ஸ்பீக்கர் சில நேரம் அப்படியே உறைந்துவிடும்.

பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இதுதான் உண்மையான சிக்கல். காலையில் சுப்ரபாதம் கேட்பதற்கென்று மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கர், ஒரு கரன்ட் கட்டுக்குப் பிறகு ஊமையாகிவிடும். ''அம்மா, அந்த விளக்கு எரியுற பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'' என்று போனில் சொல்ல, எல்லாப் பெட்டியிலும் விளக்கு எரியும்!

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு வேலை செய்துவிட்டு வரலாம். ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டினால் கரன்ட் போனாலும் வைஃபை சில மணி நேரம் உயிரோடு இருக்கும். ரூட்டர் செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஒரே ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், மறுபடி இணையும்போது முகவரி மாறிக் குழம்பாது. அப்புறம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள்: 'முதலில் வெள்ளைப் பெட்டி. ஐந்து நிமிடம் கழித்து ஸ்பீக்கர்.'