வீட்டின் வெப்பம் தணிய எந்தச் சுவருக்குச் செலவு செய்வது?

விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்வோர் நண்பகலுக்குப் பின் சற்றுக் கண்ணயர விரும்புவர். அந்நேரத்தில்தான் தகரக் கூரையும் பலகைச் சுவரும் உடைய பழைய தோட்ட வீடுகள் அடுப்பெனக் காய்கின்றன. சுவர்களுக்கு உட்பலகை அடித்தால் வெப்பம் குறையுமா? குறையும், ஆயினும் நான்கு சுவர்களுக்கும் அடிப்பது வீண் செலவே.

குளிர்நாட்டினர் வீட்டினுள் மூட்டிய வெப்பம் வெளியேறாதிருக்க எல்லாச் சுவர்களையும் பொதிந்து மூடுகின்றனர். நம் தீபகற்பமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1 முதல் 7 பாகைக்குள் அமைந்தது. நண்பகற் கதிரவன் தலைக்கு மேலே நிற்பதால் கூரையே மிகுதியாகக் காய்கிறது. சீலிங் எனப்படும் உட்கூரை இல்லாத வீட்டில் முதற்செலவு அதற்கே உரியது. சுவர்களுள் வடக்கும் தெற்கும் பெறும் வெயில் குறைவு. கிழக்குச் சுவர் காயும் வேளையில் நாம் வேலைக்காட்டில் இருப்போம். பிற்பகல் வெயிலைத் தாங்கும் மேற்குச் சுவரே கவனத்திற்குரியது.

அதற்கு மிக மலிவான மருந்து வெள்ளை நிறம். செங்கல்லாயின் சுண்ணாம்பு, பலகையாயின் வெள்ளைச் சாயம். அடுத்தது நிழல். சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பந்தலிட்டு அவரையோ பாகலோ படரவிடலாம். வெயில் சுவரைத் தொடுமுன் தடுப்பதே மேல். கொடியைச் சுவர்மீதே ஏற்றினால் பலகை ஈரம் பிடித்து உளுத்துவிடும்.

இவை போதாவிடின் மேற்குச் சுவரின் உட்புறம் ஒட்டுப்பலகை அடித்து, இடையில் ஓர் அங்குல இடைவெளி விடுக. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அக்காற்றுக்குக் காசும் இல்லை. பலகையைப் பிரித்துச் செங்கல் கட்ட எண்ணுவோர் ஒன்றை அறிதல் நலம். ஓர் அங்குலப் பலகை வெப்பத்தைத் தடுப்பதில் நாலரை அங்குலச் செங்கற் சுவருக்கு ஏறக்குறைய நிகர். செங்கல் பகற்சூட்டைத் தேக்கி இரவில் வெளியிடும்.

கடைகளில் விற்கும் வெள்ளை நுரைப்பலகை வெப்பத்தை நன்கு தடுக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றிக் கரும்புகை கக்கும். வரிசையாய் ஒட்டிய பலகை வீடுகளுக்கு அது வேண்டாம். பழைய கல்நார்த் தகடுகளைத் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தோட்டத்துக்குச் சொந்தமான வீடாயின், ஆணி அடிக்குமுன் நிர்வாகத்தின் இசைவைப் பெறுக. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், கட்டடங்களைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை முதலாளியிடமே விட்டுள்ளது. ஆதலால் பிளந்த பலகையையும் ஓட்டைத் தகரத்தையும் மாற்றும் செலவு உங்களுடையதன்று.